பிள்ளைக்காம்பராவைப் பூட்டியவருக்குப் பொன்னாடை

அன்றைக்குப் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். நாங்கள் மலையில் கொழுந்து பறிக்கும்போது அங்கே எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா மாரியாயி. என் மாமியார், அதாவது உன் அப்பாயி வெள்ளையம்மாள். உன் அத்தை செல்லம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மலையிலிருந்து ஓடி வந்த உன் அப்பா. நான். என் தோளில், சுரத்தில் கொதித்துக்கொண்டு, உன் அக்கா பூங்கொடி. இவர்களைத் தவிர இன்னும் ஒருவர் நின்றார். சாவி அவர் கையில் இருந்தது. அவர் பெயரைக் கடைசியில் எழுதுவேன். டொக்டர் குணநாயகம் அங்கே இல்லை. அவர் அங்கே இல்லாமல் போனதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. யோகராஜா, நீயும் இல்லை. நீ பிறந்தது அதற்குப் பிறகு. அதனால்தான் யார் எதைச் சொன்னாலும் நம்பி அச்சில் போடுகிறாய்.

போன வாரம் ஹாலிஎலைக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, "அம்மா, டொக்டர் நினைவு மலருக்கு நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. பழைய ஆளுங்க வேற யாருமில்ல" என்றாய். "நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்புடா, பள்ளிக்கூட அதிபரு நீ போடுற மலர்ல எனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "பரவால்லம்மா, நாங்க திருத்திக்கிறோம்" என்றாய். அப்புறம் கைபேசியைத் திறந்து அழைப்பிதழைக் காட்டினாய். ஆத்துமலைத் தோட்டத்துப் பழைய பிள்ளைக்காம்பராவைப் புதுப்பித்து, டொக்டர் பெயரில் பிள்ளைகள் கிளினிக் ஆக்கியிருக்கிறீர்கள். நல்லது. டொக்டரின் படத்தைத் திறந்து வைப்பவர் பெரியகணக்கு ஐயா. 'டொக்டருக்குக் கதவைத் திறந்துவிட்ட பெருந்தகை' என்று போட்டிருந்தாய். அவருக்குப் பொன்னாடை போர்த்துபவர், டொக்டரால் உயிர் பிழைத்த செல்வி பூங்கொடி. நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அம்மாவுக்குச் சந்தோசத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாய். நீ கேட்ட இரண்டு பக்கம் இதுதான், கூடக் கொஞ்சம் வந்துவிட்டது. எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள். ஆட்களைத் திருத்தாதே. போட்டால் முழுசாகப் போடு, இல்லாவிட்டால் போடாதே.

டொக்டரை எனக்கு முதலில் பிடிக்காது என்பதையும் எழுதிவிடுகிறேன். பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் டொக்டராக இருந்தவர். யாழ்ப்பாணத்து ஆள், ஒல்லி, சிடுமூஞ்சி. அவரை எங்கள் தோட்டத்துக்கு வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அவருடைய வார்டுக்கு எப்போதும் கடைசி மூச்சோடுதான் வந்து சேருகிறார்கள் என்ற கோபத்தில், தனக்கு லீவு கிடைக்கிற நாளில் பஸ் ஏறிச் சந்தியில் இறங்கி, குறுக்குப் பாதையில் ஏறி வர ஆரம்பித்தார். கையில் ஒரு தராசு. அதைப் பிள்ளைக்காம்பரா உத்தரத்தில் மாட்டி, அதில் தொங்கும் துணிக் கால்சட்டைக்குள் பிள்ளைகளின் காலை விட்டுத் தொங்கவிடுவார். பிள்ளைகள் கத்தும். அவர் அதுகளைவிடச் சத்தமாகக் கத்துவார். நான் உன் அக்காவை முதல்முதலில் கொண்டுபோன அன்று பால் விடாத தேத்தண்ணி இருந்த போத்தலைப் பிடுங்கி மோந்து பார்த்தார். "என்ன இது? கைக்குழந்தைக்குச் சாயத்தண்ணி குடுக்கிறியோ? உன்னையெல்லோ முதல்ல இந்தத் தராசில தூக்கிப் போடோணும்!" என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க மலையில விளையிறது அதுதானுங்களே. உங்க ஊருல பனங்கள்ளு குடுப்பாங்களோ என்னமோ" என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மாரியாயி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வாய் நல்லா இருக்கு. பிள்ளையின்ர நிறைதான் காணாது" என்று சொல்லிவிட்டுப் போத்தலை ஜன்னல் வழியாக எறிந்தார். அந்தப் போத்தலுக்காக நான் அந்த மனுசனை வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் பிள்ளைக்குச் சாயத்தண்ணி கொடுப்பதை அன்றோடு விட்டேன்.

பெண்கள் மத்தியானத்தில் மலையிலிருந்து இறங்கி, டொக்டரிடம் பிள்ளையைக் காட்டிவிட்டுத் திரும்பப் போக நேரமாகும். அது ஒருவருக்குப் பொறுக்கவில்லை. நீ ஐயா ஐயா என்று கூப்பிடுகிற அந்தப் பெரியகணக்குதான். எங்களிடம் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைமாருக்கெல்லாம் மேல் கணக்கப்பிள்ளை. தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எங்கள் கூடை குறைந்தால் அவருக்கு முகம் குறையும். அந்த வாரம் மழை விட்டுவிட்டுப் பெய்து கொழுந்து மண்டிக் கிடந்தது. பறிக்காவிட்டால் முற்றிப்போகும். அதுவும் அவர் பக்கத்து நியாயம்தான், நான் மறைக்கவில்லை.

நான் சொன்ன அந்த நாள் காலையில், பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே நான் பிள்ளையோடு போய் அவர் முன்னால் நின்றேன். "ஐயா, புள்ளைக்கு ராவெல்லாம் சுரம். பால் குடிக்கல. தூக்குனா வீல்னு கத்துது. இன்னைக்கு லீவு குடுங்க, பதுளைக்குக் கொண்டு போறேன்" என்றேன். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, என் கூடையைப் பார்த்தார். "இன்னைக்கு டொக்டர் வர்ற நாளுதானே. மத்தியானம் இங்கனயே காட்டு. இப்ப மலைக்கு நட" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பிள்ளையை மாரியாயி கையில் கொடுத்துவிட்டு மலை ஏறினேன். மத்தியானம் இறங்கி வந்தால் பிள்ளைக்காம்பரா கதவில் பூட்டு. பிள்ளைகளையெல்லாம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாரியாயி பூங்கொடியைத் தூக்கிக்கொண்டு வாசலில் மழைச் சாரலில் நின்றாள். அவர் குடை பிடித்துக்கொண்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். "கூரை ஒழுகுது, பூட்டச் சொல்லிட்டேன். டொக்டர் இன்னைக்கு வரல. வர முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு" என்றார்.

பூங்கொடியின் கழுத்து பின்பக்கமாக விறைத்து நின்றது. நிமிர்த்தினால் அலறினாள். உன் அப்பாயி தொட்டுப் பார்த்துவிட்டு, "உரம் விழுந்திருக்குடி. யாரோ கழுத்தப் புடிக்காமத் தூக்கியிருக்காளுக" என்று உன் அத்தையை முறைத்தாள். "நான் தொடவே இல்ல!" என்று செல்லம் சண்டைக்கு வந்தாள். எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்த வைத்தியம். பிள்ளை தூங்கும்போது கழுத்து பிசகினால் உரம் விழுந்தது என்போம். சீலையை இருவர் தொட்டில் மாதிரிப் பிடித்து, பிள்ளையை அதில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுவோம். தோட்டத்தில் மாரியாயி கைதான் அதற்குப் பேர்போன கை. உருட்டினார்கள். சாவிக்காரர் குடைக்குள் நின்றபடி, "அப்பறம் என்ன, மாரியாயி இருக்கையில நமக்கு டொக்டர் எதுக்கு? அவளே பெரிய டொக்டர்தானே" என்றார். மாரியாயிக்குக்கூட அது பெருமையாக இருந்தது. கத்திக் கத்திப் பிள்ளை ஓய்ந்துபோனாள். உரம் எடுபட்டுவிட்டது, தூங்குகிறாள் என்று எல்லோரும் சொன்னோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளையை மாரியாயியிடம் விட்டுவிட்டு நாங்கள் மலைக்குத் திரும்பினோம்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபோது உன் அக்காவுக்குக் கைகால் வெட்டி இழுத்தது. உன் அப்பா கத்தியை வீசிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினார். நான் பின்னால். ரோட்டில் மரக்கறி லொறி ஒன்று நின்றது. கோவா மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பதுளைக்குப் போனோம். வார்டில் டொக்டர் குணநாயகம் இருந்தார். எதுவும் கேட்கவில்லை, திட்டவில்லை. ஊசி, மருந்து, இன்னொரு ஊசி என்று ஓடிக்கொண்டிருந்தார். பிள்ளையின் இழுப்பு அடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "மூளைக்காய்ச்சல். காலமையே வந்திருக்கோணும். ஏன் இவ்வளவு நேரம் வைச்சிருந்தனீங்கள்?" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க வருவீங்கன்னுதானே வச்சிருந்தோம்! வர முடியாதுன்னு சொல்லி அனுப்புனா நாங்க என்னங்க பண்றது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "நான் வந்தனான் பிள்ளை" என்றார். "சந்தியில பஸ்ஸால இறங்கினாப் பிறகு உங்கட பெரிய கணக்கப்பிள்ளை மோட்டார் சைக்கிள்ல வந்தவர். ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வருத்தமில்லை, பொம்பிளையள் எல்லாம் மலையில, மழைக்குள்ள ஏறாதேங்கோ எண்டவர். நானும் அடுத்த பஸ்ஸில திரும்பீட்டன்."

அவருக்கு ஒரு பொய், எங்களுக்கு ஒரு பொய். நடுவில் ஒரு பூட்டு. உன் மலருக்கு வேறு தலைப்பு வேண்டுமென்றால் இதைப் போட்டுக்கொள்.

உன் அக்கா பிழைத்தாள். காது போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாரியாயி பித்தளைத் தட்டைத் தட்டினாள், பிள்ளை திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். தட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு என் காலில் விழ வந்தாள். நான் விழ விடவில்லை, எட்டித் தள்ளினேன். அவள் உருட்டியதால்தான் காது போனது என்று நான் நம்பினேன். தோட்டமே அப்படித்தான் பேசியது. பேச வைத்தவர் யார் என்று நீயே யோசித்துக்கொள்.

அடுத்த முறை டொக்டர் வந்தபோது சந்தியில் நிற்கவில்லை. நேரே லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக் காம்பரா வாசலுக்கு வந்தார். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பெரிய டொக்டர் ஒருவர் லயத்து வாசற்படியில் உட்காருவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "ஒரு மனுசன் சொன்னதைக் கேட்டுத் திரும்பிப் போனது என்ர பிழை. ஏறி வந்து பார்த்திருக்கோணும். என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றார். நான் முறத்தை நிறுத்தவில்லை. "கேக்க வேண்டியவரு நீங்க இல்லீங்க" என்றேன். "அது அவற்ற கணக்கு. நான் என்ர கணக்கைச் சொல்ல வந்தனான்" என்றார். அப்புறம் மாரியாயியை வரச் சொன்னார். அவள் பயந்துகொண்டு வந்து தூணுக்குப் பின்னால் நின்றாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார் போல: "இந்த அம்மா உருட்டினதால காது போகேல்லை. நேரம் போனதால போனது. விளங்குதோ எல்லாருக்கும்? இவவை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது." மாரியாயி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றும் பிள்ளைக்காம்பரா பூட்டித்தான் கிடந்தது. டொக்டர் தராசைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனார். துரை உட்கார்ந்து வேலை பார்க்கும் கந்தோரின் ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கும் மரத்தின் கிளையில் அதை மாட்டினார். தூறலில், துரை பார்க்க, ஒவ்வொரு பிள்ளையாகத் தொங்கவிட்டு நிறுத்தார். பிள்ளைகள் கத்திய கத்தலில் கந்தோருக்குள் ஒரு வேலை ஓடவில்லை. துரை வெளியே வந்தார். இரண்டு பேரும் இங்கிலீசில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் டொக்டரின் விரல் பூட்டைக் காட்டியது, பிறகு என் தோளில் இருந்த பூங்கொடியைக் காட்டியது. துரை சிவந்துபோய்ப் பெரியகணக்கைக் கூப்பிட்டார். அவர் ஓடி வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். நீ அச்சடித்திருப்பது இதைத்தான், யோகராஜா. டொக்டருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். பொய்யில்லை. பூட்டியவரும் அவரே என்பதை உனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு டொக்டர் யார் சொன்னதையும் கேட்டுத் திரும்பியதில்லை. கிளினிக் முடிந்ததும் லயம் லயமாக நடப்பார். ஒவ்வொரு காம்பரா வாசலிலும் தலையை நீட்டி, "பிள்ளை எங்க?" என்பார். "நல்லா இருக்குங்க, தூங்குது" என்றால் போகமாட்டார். "நல்லா இருக்கிற பிள்ளையைத்தான் பாக்கோணும், காட்டுங்கோ" என்று தொட்டிலை விலக்குவார். இளசுகள் அவர் முதுகுக்குப் பின்னால், "புள்ள எங்க, புள்ள எங்க" என்று அவர் மாதிரியே கழுத்தை நீட்டி நடித்துக் காட்டுவார்கள். எங்கள் தோட்டத்தில் ஆரம்பித்த நடை, பக்கத்துத் தோட்டங்களுக்கும் மொனராகலைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களுக்கும் போனது. பென்சன் வாங்கிய பிறகும் வந்தார். முழங்கால் தேய்ந்து ஏற முடியாமல் போன காலத்தில், ஆட்டோவில் லயத்து அடிவரைக்கும் வந்து, கீழே நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்துவார். அவர் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தபோது பதுளை வீட்டுக்கு நான் பார்க்கப் போனேன். பேச்சு குழறிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கித் தராசு மாதிரி ஆட்டிக் காட்டினார். காது கேளாத பூங்கொடி கைப்பேச்சில் அவருக்கு வைத்த கைப்பெயர் அது.

மாரியாயியை அவர் என்ன செய்தார் தெரியுமா? அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு துவாயைப் பிள்ளை மாதிரிச் சுருட்டி, "உரம் எப்பிடி எடுக்கிறது, எனக்குக் காட்டுங்கோ" என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினாள். முழுசாகப் பார்த்தார், சிரிக்கவில்லை. அப்புறம் அவள் விரலைப் பிடித்து ஒரு குழந்தையின் உச்சிக்குழியில் வைத்தார். "இது மெத்தெண்டு இருக்கோணும். வீங்கிப் புடைச்சிருந்தா, சுரமும் இருந்தா, சீலையைத் தொடாதேங்கோ. என்னட்ட அனுப்புங்கோ. ஒரு நிமிசமும் வைச்சிருக்கப்படாது." அதன் பிறகு யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாலும் மாரியாயி முதலில் உச்சியைத் தொடுவாள். சுரம் என்றால் துரத்தியே விடுவாள். "என்கிட்ட ஏன்டி கொண்டாந்த? ஓடு பதுளைக்கு!" என்று விறகுக்கட்டையைத் தூக்குவாள். அவள் துரத்திப் பிழைத்த பிள்ளைகள் இன்றைக்குக் கொழும்பில் கடை வைத்திருக்கிறார்கள். இப்போது உன் மகளைப் பார். போன பொங்கலுக்கு அவள் கைக்குழந்தை சிணுங்கியபோது, கைபேசியில் பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, அதன் உச்சியைத் தடவிப் பார்த்தாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "எல்லாரும் அப்புடித்தானே அப்பாயி பாப்பாங்க" என்றாள். டொக்டரை அவள் கிழவராகத்தான் பார்த்திருக்கிறாள். மாரியாயியைப் பார்த்ததே இல்லை. நீ கல்லில் வெட்டி வைக்கப்போகும் பெயரைவிட அந்த விரல் பெரிசு. அதை எழுத மலரில் இடம் வைத்தாயா?

பூங்கொடியைப் படிக்க வைத்ததும் அவர்தான். நான் அவளை மடியை விட்டு இறக்காமல், சாவிக்காரரைச் சபித்துக்கொண்டே காலத்தைக் கழித்தபோது, "அந்தாளை நினைக்கிற நேரத்தில பிள்ளையோட கையால கதைக்கப் பழகு" என்று என்னிடமும் சீறினார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அவரே கூட்டிப் போனார். அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு கூடை புதுச் சொற்களைக் கையில் கொண்டு வருவாள். நீ வாய்ப்பேச்சுக்கு முன்னாலேயே அக்காவின் கைப்பேச்சைப் பிடித்துக்கொண்டாய். நாங்கள் எல்லோரும் தட்டுத் தடுமாறுவோம், நீ மட்டும் அவள் விரல் நின்ற இடத்தில் வாயைத் திறப்பாய். கடைக்காரனிடம், பஸ்காரனிடம், அவளைப் பெண் பார்க்க வந்து பேச்சு வராது என்று எழுந்து போனவர்களிடம், அவளுக்கு நீதான் வாய். அவர்களை அவள் திட்டியதை ஒரு சொல் விடாமல் நீ சொன்னாய். அன்றைக்கு நான் உன்னைப் பெற்றதற்குப் பெருமைப்பட்டேன்.

நான் பகையை வைத்துக்கொள்கிறவள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஒவ்வொன்றாக விட்டும் இருக்கிறேன். மாரியாயியிடம் டொக்டர் பேசிய அன்றே விட்டேன், அவள் சாகும்போது என் மடியில்தான் தலை. உரம் உரம் என்று அவசரப்படுத்திய உன் அப்பாயியோடு கொஞ்ச காலம் பேசாமல் இருந்தேன், அவள் பூங்கொடிக்காகக் கிழட்டு விரலை மடக்கிப் பழகியதைப் பார்த்ததும் அதையும் விட்டேன். 'உங்க புள்ளைக்கு அவசரம்னா நீங்க லீவு போட்டிருக்கணும்' என்ற உன் அத்தையை, அவள் மன்னிப்புக் கேட்டதால் இல்லை, அவளுக்கு மறதி வந்துவிட்டதால் விட்டேன். உன் அப்பாவோடுதான் கடைசிவரை சண்டை. "அந்தாளுக்குக் கீழதான் நாம வேலை செய்யணும், வாய மூடு. பையனுக்குப் பகைய ஊட்டாத" என்றே இருந்தார். அதனால்தான் உனக்கு ஒன்றும் தெரியாது. அவரை எரித்த அன்று அதையும் விட்டேன். மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கால் அது.

அந்தச் சாவிக்காரர் உனக்கு நல்லதுதான் செய்தார், நான் இல்லை என்று சொல்லவில்லை. வேலையை விட்டபின் பண்டாரவளையில் கடை வைத்தார். நீ அங்கே பெரிய வகுப்புப் படித்தபோது கடைக்குப் பின்னால் படுக்க இடம் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன், உன் அப்பா சரி என்றார். அவர் வீட்டுச் சோற்றை நீ சாப்பிட்ட ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் மனதின் ஒரு மூலையில் காத்திருந்தேன். என்னிடம் வேண்டாம், பூங்கொடியின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லட்டும், நானும் விட்டுவிடுகிறேன் என்று. அவளுக்குக் கேட்காது என்றாலும் உதட்டைப் படிப்பாள். ஒரு நாள் ஹாலிஎலையில் அக்காவின் தையல் கடைக்கே வந்தார். கோட்டின் கையைக் குட்டையாக்க வேண்டுமாம். கூட அவர் மருமகன். பூங்கொடி அளவெடுத்தாள். மருமகன், "இவங்களுக்குப் பேச்சு வராதா மாமா?" என்றான். அவர் அவளைக் குனிந்து பார்த்தார். அப்போதுகூட நான் காத்திருந்தேன். "பொறவியிலேயே இப்புடித்தான், பாவம்" என்றார். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மேசையில் வைத்தேன். பூங்கொடி அவர் உதட்டைப் படித்துவிட்டாள். தைத்து முடித்த கோட்டை மடித்து, ஒழுங்காகக் கடதாசியில் சுற்றி, அவர் கையில் கொடுக்காமல் வாசலுக்கு வெளியே படியில் வைத்தாள்.

நீ போன பிறகு அழைப்பிதழை அவளுக்கு விளக்கினேன். பொன்னாடை என்று சொல்லத் தோளைச் சுற்றிக் காட்டினேன். யாருக்கு என்று கேட்டாள். மணிக்கட்டைத் திருப்பிச் சாவி போட்டுக் காட்டினேன். அவருக்கு அவள் வைத்த கைப்பெயர் அது என்று உனக்கும் தெரியும். தோட்டத்துச் சாவியெல்லாம் அவரிடம் இருந்ததால் அந்தப் பெயர் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அவள் மெசினை நிறுத்தினாள். நான் போகமாட்டேன் என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. வருகிறாளாம். டொக்டர் படத்துக்கு மாலையை அவளே கட்டி எடுத்து வருவாளாம். பொன்னாடையைத் தொடமாட்டாளாம். மேடை நடுவில் நின்று, பூட்டியது யார், திறந்தது யார், டொக்டர் எந்தச் சந்தியிலிருந்து திரும்பிப் போனார், பிறகு எப்படி வாசல் வாசலாக வந்தார் என்று முழுக் கதையையும் கையால் சொல்வாளாம். தம்பி மைக்கில் சொல்லட்டும் என்றாள். அவள் உன் பெயரைச் சொன்னபோது முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. எனக்குத்தான் இருக்கிறது.

உனக்குச் சங்கடம்தான். கமிட்டி இருக்கிறது, மேடை இருக்கிறது, அவர் கிழவராகிவிட்டார், உனக்குப் படுக்க இடம் கொடுத்தவர். மலையிலிருந்து வரும் பெண்களெல்லாம் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அதிபர் அப்படிச் செய்யலாமா என்று யாராவது காதில் ஊதுவார்கள். 'வேண்டாம்மா, அக்காவுக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடுவோம்' என்று நீ என்னிடம் வருவாய். வராதே. ஒரு பிள்ளைக்கும் வருத்தமில்லை என்று சந்தியில் வைத்துச் சொன்ன பொய்யும் அந்த மாதிரித்தான் ஆரம்பித்தது, எல்லோருக்கும் வசதியாக. டொக்டர் மேல் உனக்கு மெய்யாகவே மரியாதை இருந்தால், அவர் பெயரைச் சுவரில் மாட்டுவதோடு விடாதே. உன் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வராவிட்டால், யாரோ வந்து சொல்லும் காரணத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காராதே. லயத்துக்கு ஏறிப் போய், வாசலில் தலையை நீட்டி, பிள்ளை எங்க என்று கேள். அதற்கு முன்னால், விழா அன்று, உன் அக்கா கையைத் தூக்கும்போது மைக்கைப் பிடி. அவள் விரல் நிற்கிற இடத்தில் வாயைத் திற. ஒரு சொல்லையும் மெதுவாக்காதே.

நானும் விழாவுக்கு வருவேன். எனக்கு நாற்காலி வேண்டாம், பிள்ளைக்காம்பரா வாசல் எங்கே இருக்கிறதோ அங்கே நிற்பேன், அன்றைக்கு நின்ற இடத்தில். வெள்ளையம்மாள் போய்விட்டாள். மாரியாயி போய்விட்டாள். செல்லத்துக்கு நினைவில்லை. உன் அப்பா இல்லை. மிச்சம் நானும் பூங்கொடியும், சாவி வைத்திருந்தவரும்தான். என் மனதில் மன்னிக்காத ஆள் இதுவரை ஒருவர்தான். மைக்கைக் கீழே வைத்து என்னை இரண்டாவது பெயர் எழுத வைக்காதே. ஆயுசு முழுக்க ஐயா போட்டே சொன்ன பெயர், இன்றைக்கு முதல்முறையாக ஐயா இல்லாமல் எழுதுகிறேன், அச்சிலும் அப்படியே இருக்கட்டும்:

அழகர்சாமி.